நேப்பிள்ஸில் ஒரு நாள் கிடைத்தால் பொட்சுவோலி போங்கள்

உப்புக்காற்று · ஞாயிறு, இரவு 9:20

நேப்பிள்ஸில் இறங்குகிற நம்மவர்கள் பெரும்பாலும் அடுத்த ரயிலிலேயே பொம்பேய்க்குக் கிளம்பிவிடுகிறார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் போனேன். இந்தத் தடவை வேலையாகப் போன இடத்தில் ஒரு சனிக்கிழமை முழுதாகக் கைக்குக் கிடைத்தது. கிழக்கே போகாமல் மேற்கே போனேன். மெட்ரோ 2ஆம் தடத்தில் கடைசி நிறுத்தம், அரை மணி நேரம்தான். ஊர் பேர் பொட்சுவோலி. வந்து ஒரு வாரம் ஆகிறது, மனசு இன்னும் அங்கேயே நிற்கிறது. அதனால்தான் இந்த இழை.

நான் தூத்துக்குடிக்காரன். எந்த ஊருக்குப் போனாலும் துறைமுகம் எங்கே என்றுதான் கால் போகும். ரோமர் காலத்தில் புட்டியோலி என்று பேர் பெற்ற இந்த ஊர் ரோமுக்கே துறைமுகமாக இருந்தது. ரோம் நகரம் டைபர் ஆற்றில் உள்ளே தள்ளி இருக்கிறது, ஆற்று முகத்தில் பெரிய கப்பல் நிற்க வசதி இல்லை. பேரரசர் கிளாடியஸ் காலத்தில் ஆற்று முகத்திலுள்ள ஆஸ்டியா பக்கம் புதுத் துறைமுகம் வெட்டுகிற வரைக்கும், ஏன், அதற்கு அப்புறமும் கொஞ்ச காலம், எகிப்திலிருந்து தானியம் ஏற்றி வந்த பெரிய கப்பல்கள் தெற்கே இவ்வளவு தூரம் தள்ளி இங்கேதான் வந்து நின்றன. அலெக்சாந்திரியாவில் ஏற்றிய மற்ற சரக்குகளும் அப்படியே வந்தன. அவற்றில் நம் மிளகும் ஒன்று. அந்த ஒரு விஷயத்துக்காகத்தான் போனேன்.

ரயில் நிலையம் மேட்டில் இருக்கிறது. அங்கிருந்து இறக்கத்தில் கொஞ்சம் நடந்தால் ஆம்பிதியேட்டர். 149 மீட்டருக்கு 116 மீட்டர், இத்தாலியில் மூன்றாவது பெரியது என்கிறார்கள். ரோமின் கொலோசியமும் கப்புவாவும்தான் இதைவிடப் பெரியவை. படிக்கட்டு வரிசைகள் பாதிக்கு மேல் சிதைந்துவிட்டன, மேலே நின்று பார்த்தால் ஏமாற்றமாகக்கூட இருக்கும். கீழே இறங்குங்கள். அரங்கத் தரைக்கு அடியில் ஒரு முழு உலகமே அப்படியே நிற்கிறது. சாய்சதுரக் கற்களை வலை மாதிரி அடுக்கிக் கட்டிய சுவர்கள், வளைந்து போகும் தாழ்வாரம், இரண்டு அடுக்கு அறைகள். தலைக்கு மேலே தரையில் சதுரம் சதுரமாகத் திறப்புகள். மிருகக் கூண்டுகளைக் கயிறு கட்டி மேலே ஏற்றிய வழிகள் அவை. அந்தத் திறப்புகளில் வெயில் தூண் தூணாக இறங்கி, கீழே விழுந்து கிடக்கும் பளிங்குத் தூண்களின் மேல் படிகிறது. நான் போன நேரத்தில் உள்ளே மொத்தம் ஆறு பேர் இருந்தோம். எங்கேயோ தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அங்கே கிடைத்த கல்வெட்டு ஒன்று சொல்வது எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று: புட்டியோலிக் குடியேற்றம் இதைத் தன் சொந்தப் பணத்தில் கட்டிக்கொண்டது. பேரரசர் கொடுத்த பிச்சை இல்லை, துறைமுகத்துப் பணம்.

அடுத்தது செராப்பிஸ் கோயில். கடலுக்குப் பக்கத்தில், நடு ஊரில், பள்ளமான ஒரு பூங்கா மாதிரி இருக்கிறது. சுற்றி வேலி, மேலிருந்துதான் பார்க்க வேண்டும். வட்ட மேடை ஒன்று, அதன் பின்னால் மூன்று உயரமான தூண்கள். வெங்காயத்தை நறுக்கினால் தெரியும் வரிகள் மாதிரி பச்சையும் வெள்ளையுமாக ஓடும் பளிங்கு. அதன் இத்தாலியப் பெயரே வெங்காயத்திலிருந்து வந்ததுதான். தூணின் கீழ்ப்பகுதி வழவழப்பாக இருக்கிறது. இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே ஒரு பட்டை மட்டும் கறுத்துச் சொரசொரப்பாகத் தெரிந்தது. கைபேசி கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். துளைகள். விரல் நுழைகிற அளவில் நூற்றுக்கணக்கான துளைகள், கரையான் அரித்த மரம் மாதிரி. கடற்புழு துளைத்ததாம். யோசித்துப் பாருங்கள், தரையிலிருந்து ஐந்து, ஆறு மீட்டர் உயரத்தில் கடல் உயிரி துளை போட்டிருக்கிறது. அந்த உயரத்துக்குக் கடல் நின்றிருக்கிறது!

மதியம் துறைமுகத்துப் பக்கம் ஒரு சின்னக் கடையில் உட்கார்ந்தேன். இம்பெபாத்தா கேட்டேன். மட்டியைப் போன்ற கறுப்புச் சிப்பியை அதன் தண்ணீரிலேயே வேகவிட்டு, கைநிறைய மிளகு அரைத்துப் போட்டு எலுமிச்சை பிழிந்து தருகிறார்கள். பெப்பே என்றால் மிளகு, பேரே அதுதான். மூடியைத் திறந்ததும் ஆவியோடு மூக்கில் ஏறிய அந்த வாசனை அப்படியே எங்கள் வீட்டு ரசம். சிப்பி ஓட்டில் ஒட்டியிருந்த மிளகுத் துகள்களை ரொட்டியால் வழித்துத் தின்றேன். இந்த ஊரில் மிளகு இறங்கி இரண்டாயிரம் வருஷம் ஆகிறது.

சாயங்காலம் ரியோனே தெர்ரா. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைமேல் இருக்கிற பழைய ஊர். 1970 மார்ச் 2ஆம் தேதி, தரை எழும்புகிறது, வீடுகள் விழும் என்று சொல்லி, அங்கே குடியிருந்த ஏறத்தாழ 3,000 பேரை ஒரே மூச்சில் காலி செய்ய வைத்தார்கள். அவர்கள் திரும்பக் குடியேறவே இல்லை. இப்போது வீடுகளைப் புதுப்பித்து வண்ணம் அடித்திருக்கிறார்கள். கொடியில் ஒரு துணி காயவில்லை. அந்த அமைதி என்னை என்னவோ செய்தது.

அங்கே உள்ள தேவாலயத்தின் கதை தனி. 1964இல் தீப்பிடித்தது. எரிந்து உதிர்ந்த பூச்சுக்குப் பின்னால் ரோமக் கோயில் ஒன்று முழுதாக நின்றிருந்தது. பேரரசர் அகஸ்டஸ் காலத்துப் பளிங்குக் கோயிலையே சுவராக வைத்து அதன்மேல் தேவாலயத்தைக் கட்டியிருந்திருக்கிறார்கள். இப்போது இரண்டையும் சேர்த்தே சீரமைத்து, தூண்களுக்கு இடையில் கண்ணாடி வைத்து, 2014இல் திறந்தார்கள். அதற்குக் கீழே நிலத்தடியில் ரோமத் தெருக்கள். ரொட்டிக்கடையில் மாவரைத்த எரிமலைக்கல் இயந்திரங்கள் போட்டது போட்டபடி நிற்கின்றன.

யாராவது போயிருக்கிறீர்களா? சொல்லுங்கள்.

வழிப்போக்கன் · ஞாயிறு, இரவு 10:05

அண்ணா, படிக்கும்போதே அங்கே நடந்த மாதிரி இருந்தது. இரண்டு மாதத்தில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு இத்தாலி போகிறேன். நேப்பிள்ஸில் இரண்டு நாள். அம்மாவுக்கு 66 வயது, முழங்கால் வலி உண்டு. நாங்கள் நாகப்பட்டினம். கடல் பார்த்தால்தான் அம்மாவுக்கு ஊருக்குப் போன மாதிரி இருக்கும். பொம்பேயின் கல் தெருவில் நாள் முழுக்க நடக்கவைக்கப் பயமாக இருக்கிறது. பொட்சுவோலி அவர்களுக்கு முடியுமா?

கல்லும் மண்ணும் · திங்கள், காலை 6:50

அருமையான பதிவு. இரண்டு திருத்தம் மட்டும்.

ஒன்று, அது கோயில் இல்லை, சந்தை. 1750இல் தோண்டியபோது செராப்பிஸ் தெய்வத்தின் சிலை கிடைத்ததால் கோயில் என்று பேர் வைத்துவிட்டார்கள், அந்தப் பேரே நிலைத்துவிட்டது. சுற்றிலும் கடைகள், நடுவில் வட்ட மண்டபம். மீனும் இறைச்சியும் விற்ற இடம். மசெல்லும் என்பார்கள்.

இரண்டு, துளைத்தது புழு இல்லை, சிப்பி. லித்தோஃபாகா என்று பேர், கல்தின்னி என்று அர்த்தம். சுண்ணாம்புக் கல்லையும் பளிங்கையும் அமிலம் சுரந்து கரைத்து உள்ளே குடியேறும். பேரீச்சம்பழம் மாதிரி இருக்கும் என்பதால் இத்தாலியில் கடல் பேரீச்சை என்பார்கள். நீங்கள் தின்ற சிப்பிக்குச் சொந்தக்காரன்தான், ஒரே குடும்பம். அதை எடுக்கப் பாறையை உடைக்க வேண்டும் என்பதால் இப்போது அதைப் பிடிப்பதும் விற்பதும் அங்கே தடை.

கடல் மேலே ஏறவில்லை, தரை கீழே இறங்கியது. இதுதான் முக்கியம். பொட்சுவோலி நிற்பது காம்பி ஃபிளெக்ரேய் என்ற மாபெரும் எரிமலைப் பள்ளத்தின் நட்டநடுவில். அடியில் வெப்பமும் வாயுவும் திரவங்களும் அழுத்தும்போது தரை மூச்சு இழுத்த வயிறு மாதிரி உப்புகிறது, அழுத்தம் குறைந்தால் அமுங்குகிறது. ரோமர் காலத்துக்குப் பிறகு மெல்ல மெல்ல அமுங்கி, தூணின் பாதிக்குக் கடல் வந்தது. அடிப்பகுதி அதற்குள் மண்ணில் புதைந்திருந்ததால் சிப்பி தொட முடியவில்லை. அதனால்தான் முதல் மூன்றரை மீட்டர் வழவழப்பு, அதற்கு மேலே இரண்டே முக்கால் மீட்டர் துளை. அப்புறம் திரும்ப எழுந்தது. 1503இல் கடல் வற்றிப் புதிதாக வெளிவந்த நிலத்தை ஊருக்கு எழுதிக்கொடுத்த அரச ஆவணமே இருக்கிறது. 1538 செப்டம்பரில் ஊருக்குப் பக்கத்தில் தரை பிளந்து, ஒரே வாரத்தில் ஒரு மலை முளைத்தது. மோந்தே நுவோவோ, புதுமலை. 133 மீட்டர். இன்றைக்கு அதில் மரங்கள் அடர்ந்திருக்கின்றன, நடந்து ஏறலாம்.

இந்த மூன்று தூண்கள் புவியியல் படித்த எங்களுக்குக் கோபுரம் மாதிரி. சார்லஸ் லைல் 1830இல் வெளியிட்ட தன் புவியியல் நூலின் முகப்புப் படமாக வைத்தது இந்தத் தூண்களைத்தான். நிலம் அசையாதது என்று நம்பியிருந்தவர்களுக்கு, தூண் விழாமல் நின்றபடியே தரை மெல்ல இறங்கி ஏறும் என்று காட்டியது இந்த இடம். கல்லூரி முதல் வருஷத்தில் அந்தப் படத்தைப் பார்த்தபோது ஒரு நாள் இங்கே நிற்பேன் என்று நினைக்கவில்லை. 2011இல் நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இன்னொன்று. நம் ஊரில் வீடு கட்டுகிற எவரும் இந்த ஊர் பேரைத் தினமும் சொல்கிறார்கள். சிமெண்ட் மூட்டையில் பிபிசி என்று போட்டிருக்கிறதே, போர்ட்லேண்ட் பொசோலானா சிமெண்ட். அந்தப் பொசோலானா இந்தப் பொட்சுவோலிதான். இங்கத்து எரிமலைச் சாம்பல் மண்ணைச் சுண்ணாம்போடு கலந்தால் தண்ணீருக்கு அடியிலும் கல்லாக இறுகும். அதை வைத்துத்தான் ரோமர்கள் கடலுக்குள் துறைமுகச் சுவர் எழுப்பினார்கள். ஏரோது மன்னர் பாலஸ்தீனக் கரையில் கட்டிய செசரியா துறைமுகத்துக்கு இந்த வளைகுடாவின் சாம்பல் கப்பலில் போயிருக்கிறது. நம் ஊர்ப் பக்கம் எரிமலை இல்லை, அனல் மின்நிலையச் சாம்பல் அந்த வேலையைச் செய்கிறது. தூத்துக்குடிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உப்புக்காற்று · திங்கள், காலை 8:15

எங்கள் வீட்டுக்குப் போட்ட சிமெண்ட் மூட்டையை நானே தூக்கி அடுக்கியிருக்கிறேன். அந்தப் பேர் இங்கிருந்து வந்தது என்று இன்றைக்குத்தான் தெரியும். திருத்தங்களுக்கு நன்றி ஐயா.

மிளகுக்கொடி · திங்கள், மதியம் 1:30

மிளகு பற்றி நானும் கொஞ்சம். "நம் மிளகு" என்பது சரிதான், ஆனால் அது விளைந்தது மேற்கு மலையில், ஏற்றியது முசிறியில். அன்றைக்குச் சேரநாடு, தமிழ் பேசிய நாடு. இன்றைய கேரளத்தவருக்கும் அதே உரிமை உண்டு என்பதைச் சேர்த்துச் சொல்லிவிடுவோம்.

வழி இப்படி: முசிறியில் ஏற்றி, பருவக்காற்றில் அரபிக்கடலைத் தாண்டி, செங்கடலில் பெரெனிகே அல்லது மியோஸ் ஹோர்மோஸ் துறையில் இறக்குவார்கள். அங்கிருந்து ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து கொப்தோஸ், பிறகு நைல் ஆற்றுப் படகில் அலெக்சாந்திரியா. அங்கே சுங்கம் கட்டி, மறுபடி கப்பல் ஏறினால் புட்டியோலி. ஒரு மிளகு ரோமானியர் சட்டிக்குப் போக இத்தனை கை மாற வேண்டும்.

அந்தக் கப்பல்கள் வந்து சேரும் காட்சியை ரோம எழுத்தாளர் செனெகா ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். முதலில் தபால் படகுகள் தெரியும், பின்னால் பெரிய கப்பல்கள் வருகின்றன என்று செய்தி சொல்ல. ஊரே அணைகரையில் திரண்டு நிற்கும். மற்ற கப்பல்கள் கரைக்குக் கிட்டே வந்ததும் உச்சிப் பாயை இறக்கிவிட வேண்டும், அலெக்சாந்திரியக் கப்பல்களுக்கு மட்டும் விரித்தபடி வர அனுமதி. அதனால் எத்தனை கப்பல் கூட்டத்திலும் அவற்றைத் தனியாகக் கண்டுபிடித்துவிடுவார்களாம்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அன்னியஸ் என்ற வணிகக் குடும்பத்தின் பேர் இந்த ஊர்க் கல்வெட்டுகளில் வருகிறது. ரோம எழுத்தாளர் பிளினி எழுதுகிறார்: அன்னியஸ் பிளோகாமஸ் என்பவர் செங்கடல் வரியைக் குத்தகை எடுத்திருந்தார். அவரிடம் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒருவர், அரேபியாவைச் சுற்றிப் போகும்போது காற்றில் அடித்துச் செல்லப்பட்டுத் தப்ரோபேனில் கரை சேர்ந்தார். அதாவது இலங்கை. அந்த நாட்டு அரசன் ரோமக் காசுகள் எல்லாம் ஒரே எடையில் இருப்பதைக் கண்டு வியந்து தூது அனுப்பினான். வெறும் கதை என்று தள்ளியிருப்பார்கள். ஆனால் எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில் ஒரு பாறையில் எழுத்து கிடைத்தது. பூப்ளியஸ் அன்னியஸ் பிளோகாமஸின் அடிமை லூசாஸ் இங்கே வந்தேன் என்று கிரேக்கத்திலும் லத்தீனிலும் பொறித்திருக்கிறான். வருஷம் கி.பி. 6. இந்த வழிகளில் நடந்த ஒரு அடிமையின் கைப்பட எழுதிய பேர் அது.

திரும்பிப் போன சரக்கையும் விட்டுவிடக் கூடாது. கேரளத்தில் பட்டணம் அகழாய்வில் கிடைத்த மதுச்சாடித் துண்டுகளில் காம்பானியாவில், அதாவது இந்த வளைகுடாப் பகுதியில் செய்தவை நிறைய. எரிமலைக் கருமணல் கலந்த மண் என்பதால் உடைசலைப் பார்த்தே இனம் காண்கிறார்கள். சங்கப் பாடலில் வரும் யவனர் தேறல் எந்தக் கரையிலிருந்து கிளம்பியது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டுமா?

கோட்டைச்சுவர் · திங்கள், மாலை 6:40

எல்லாம் சரி. ஆனால் முதல் தடவை போகிறவர்களிடம் பொம்பேயை விட்டுவிட்டு இங்கே போகச் சொல்வது நியாயமா? பொம்பேயில் ஒரு முழு நகரம் இருக்கிறது. வீடு, கடை, சுவர் ஓவியம், தேர்தல் விளம்பரம் வரைக்கும். பொட்சுவோலியில் இரண்டாயிரம் வருஷத்து ஊர்மேல் இன்றைய ஊர் உட்கார்ந்திருக்கிறது. துண்டு துண்டாகத்தான் பார்க்க முடியும். அதோடு எதுவும் திறந்திருக்கும் என்று நம்ப முடியவில்லை. போன வருஷம் ஒரு சுற்றுலா நிறுவனத்தில் ரியோனே தெர்ரா நிலத்தடிச் சுற்றுக்கு முன்பதிவு செய்துவிட்டுப் போனேன். வாசலில் பூட்டு. பணமும் திரும்பவில்லை.

உப்புக்காற்று · திங்கள், இரவு 9:00

உங்கள் பணம் போனதற்கு வருத்தமாக இருக்கிறது. நிலநடுக்கத்துக்குப் பிறகு சோதனைக்காக அடிக்கடி மூடுகிறார்கள், அதனால் போகும் வாரத்தில் அதிகாரபூர்வத் தளத்தில் பார்த்துவிட்டு நேரடியாகப் பதிவு செய்வதே நல்லது. சொல்ஃபத்தாரா, அந்தக் கந்தகப் புகை வரும் பள்ளம், 2017இல் ஒரு குடும்பத்தில் மூன்று பேர் இறந்த விபத்திலிருந்து மூடியே கிடக்கிறது. அதை நினைத்து யாரும் போகாதீர்கள்.

பொம்பேய் விஷயத்தில் நான் உங்களோடு உடன்படவில்லை. பொம்பேய் வெசுவியஸ் எரிமலை வெடித்துப் புதைந்து கி.பி. 79இல் நின்றுபோன ஊர். பொட்சுவோலி ஒரு நாளும் நிற்கவில்லை. ரோமச் சந்தையைச் சுற்றி வீடு, ரோமக் கோயிலுக்குள் பூசை, ரோமத் துறைமுகச் சுவரின் மேல் இன்றைக்கும் கப்பல் துறை. அந்தச் சுவர் பதினைந்து பெரிய தூண்களின் மேல் வளைவு வளைவாகக் கடலுக்குள் போயிருந்தது, இப்போதைய அணைகரைக்குள் புதைந்திருக்கிறது. அதன்மேல் நின்று புரோச்சிதா தீவுக்குப் போகும் படகைப் பார்த்தேன். கார்களும் காய்கறிக் கூடைகளும் ஏறிக்கொண்டிருந்தன. துறைமுகம் தன் வேலையை இன்னும் செய்துகொண்டிருக்கிறது. எனக்கு அதுதான் பெரிசு.

பலெர்மோவாசி · செவ்வாய், காலை 7:25

வணக்கம். நான் யாழ்ப்பாணம், பலெர்மோவில் இருபது வருசத்துக்கு மேல். எங்கட ஆக்கள் இங்கே கனபேர் இருக்கினம். இந்த ஊரை நாங்கள் வேறு பேரில் அறிவோம்: புத்தேயோலி. பழைய தமிழ் வேதாகமத்தில் அப்படித்தான் இருக்கு. அப்போஸ்தலர் நடபடிகள் 28ஆம் அதிகாரம். பவுல் கைதியாக ரோமுக்குப் போகும்போது அலெக்சாந்திரியக் கப்பலில் மால்டாவிலிருந்து சிசிலிக்கு வந்து, சீரக்கூசாவில் மூன்று நாள் நின்று, ரேகியுவில் தென்றல் எடுக்கப் புறப்பட்டு, இரண்டாம் நாள் புத்தேயோலியில் இறங்கினார். அங்கே ஏற்கெனவே விசுவாசிகள் இருந்தார்கள், ஏழு நாள் தங்க வைத்தார்கள். நான் சின்னனில் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த ஊர் பேர். சிசிலிக்கு வந்த பிறகுதான் அது உண்மையான ஊர், இரவுக் கப்பலில் போகலாம் என்று விளங்கியது.

பிள்ளைகளோடு போனபோது நாங்கள் பக்கத்தில் பாயாவுக்கும் போனோம். ரோமப் பணக்காரர் கடலோர மாளிகை கட்டி விளையாடின இடம். பொட்சுவோலியின் தூண் ஏறி இறங்கி நிற்குது, பாயாவின் பாதி நகரம் இறங்கியது இறங்கியதுதான். கண்ணாடி அடி வைத்த படகில் போனால் ஐந்து மீட்டர் கீழே தரை ஓவியக் கற்கள், தெரு, கிளாடியஸ் காலத்து விருந்து மண்டபம், சிலைகள். சிலைகளின் மூலங்கள் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கு, தண்ணீரில் நிற்பது அச்சுப் பிரதிகள். என்ர கடைசி மகள் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு, ஒரு சிலையின் தோளில் மீன் உட்கார்ந்திருக்கு என்று கத்தினாள். அந்தப் படகில் இருந்த எல்லாருமே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டோம்.

வழிப்போக்கன், அம்மாவுக்கு அந்தப் படகு நல்லது. நடக்கத் தேவையில்லை. காற்று இருந்தால் ஓடாது, கவனம்.

வழிப்போக்கன் · செவ்வாய், இரவு 8:10

எல்லோருக்கும் நன்றி. ஒரு கேள்வி மனசை உறுத்துகிறது. அங்கே நிலநடுக்கம் என்று செய்தியில் வந்துகொண்டே இருக்கிறது. போவது சரியா? நமக்கு ஆபத்து என்பது ஒரு பக்கம். அங்கே பயந்துகொண்டு வாழ்கிறவர்கள் நடுவில் போய் நின்று படம் எடுப்பது இன்னொரு பக்கம்.

கல்லும் மண்ணும் · செவ்வாய், இரவு 10:30

நல்ல கேள்வி. நேராகவே சொல்கிறேன்.

1982 முதல் 1984 வரை தரை 1.8 மீட்டர் எழும்பியது. ஏறத்தாழ 40,000 பேர் ஊர் மையத்தை விட்டுப் போனார்கள், மோந்தெருஷெல்லோ என்று ஒரு புது ஊரே அவர்களுக்காகக் கட்டினார்கள். அப்புறம் 20 வருஷம் மெல்ல இறங்கியது. 2005 முதல் மறுபடி ஏற்றம், இதுவரை 1.4 மீட்டருக்கு மேல். 2024 மே 20இல் 4.4 அளவில் ஒரு நடுக்கம், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. 2025 மார்ச்சிலும் ஜூனிலும் 4.6. எண் சின்னதாகத் தோன்றும். ஆனால் தரைக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் அடியிலேயே நடப்பதால் வீட்டுக்குக் கீழே லாரி மோதின மாதிரி உலுக்கும். 2012 முதல் மஞ்சள் எச்சரிக்கை நிலையில் வைத்து, நேப்பிள்ஸில் உள்ள வெசுவியஸ் ஆய்வகம் இரவு பகலாகக் கண்காணிக்கிறது.

பகலில் போய்த் திரும்புவதை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். போகிற நாளில் அறிவிப்பைப் பாருங்கள். விரிசல் விழுந்த சுவருக்கு அடியில் நிற்காதீர்கள். சாப்பாட்டை அந்த ஊரிலேயே சாப்பிடுங்கள். நடுக்கத்துக்குப் பயந்து ஆட்கள் வராமல் போனதுதான் அங்கத்துக் கடைக்காரர்களுக்கு இரண்டாவது அடி.

மிளகுக்கொடி · புதன், காலை 9:45

ஒரு சின்ன விஷயம் மட்டும். இலங்கைத் தூது பற்றி எழுதிய பிளினி இருந்தது பொட்சுவோலிக்கு எதிரே, அதே வளைகுடாவின் மறுமுனை மிசேனோவில். ரோமக் கடற்படைத் தளபதி. மிளகில் காரம் தவிர வேறு என்ன இருக்கிறது, இதற்காக இந்தியா வரை போகிறார்களே என்று அலுத்துக்கொண்டவரும் அவரே. கருமிளகு ராத்தல் 4 தினாரி (ரோம வெள்ளிக்காசு) என்று விலையும் எழுதி வைத்தார். 79இல் வெசுவியஸ் வெடித்தபோது மிசேனோவிலிருந்துதான் கப்பல் எடுத்துப் போனார், திரும்பவில்லை. அந்தக் கடற்படைக்குத் தண்ணீர் தேக்கிய பிஷ்ஷினா மிராபிலிஸ் பக்கத்தில் பாகோலியில் இருக்கிறது. பூமிக்கடியில் 48 தூண்கள், பெரிய கோயில் மண்டபம் மாதிரி. அதன் சுவர்ப்பூச்சும் தண்ணீர் கசியாமல் நின்றிருக்கிறது.

வழிப்போக்கன் · ஞாயிறு, இரவு 11:15 (இரண்டு மாதம் கழித்து)

போய் வந்துவிட்டோம். சொன்னபடி வந்து எழுதுகிறேன்.

ஆம்பிதியேட்டரின் நிலத்தடிக்கு அம்மா மெதுவாக இறங்கினார்கள், கையைப் பிடித்துக்கொண்டேன். குளிர்ச்சியாக இருக்கிறது என்று ஒரு கல்லில் உட்கார்ந்து அரை மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. தூண்களைக் காட்டி, துளைகளைக் கேமராவில் பெரிதாக்கிக் காட்டினேன். "ஆளி அரிச்ச தோணி மாதிரி இருக்கு" என்றார்கள்.

அதன்பிறகு மீன்பிடித் துறைக்குப் போனோம். சின்னத் தேவாலயத்துக்குப் பக்கத்தில் உள்ள துறை. தரை எழும்பியதால் கரையோரம் தண்ணீர் விலகி, சேறும் பாசியுமாகக் கிடந்தது. இரண்டு மூன்று படகுகள் சேற்றில் சாய்ந்திருந்தன. அம்மா நின்றுவிட்டார்கள். என் கையை இறுக்கிப் பிடித்து, "கடல் உள்வாங்கியிருக்கா?" என்று கேட்டார்கள். முகம் வெளுத்துவிட்டது. 2004 டிசம்பரில் எங்கள் தெருவில் என்ன நடந்தது என்று இங்கே எழுத வேண்டியதில்லை. நான் என்ன சொல்லியும் அவர்கள் நகரவில்லை, திரும்பிப் போகலாம் என்றார்கள்.

வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பார்த்தார். மொழி தெரியாது. அம்மா பயந்துவிட்டார்கள் என்பது மட்டும் அவருக்குப் புரிந்துவிட்டது. எழுந்து வந்து கடலைக் காட்டி, உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து ஆட்டாமல் பிடித்தார். கடல் அப்படியே இருக்கிறது என்று. பிறகு காலால் தரையைத் தட்டி, இன்னொரு கையை மெல்ல மெல்ல மேலே தூக்கிக் காட்டினார். துறைச் சுவரில் பழைய நீர்மட்டம் விட்டுப்போன வெள்ளைக் கோட்டைக் காட்டினார். அது எங்கள் முழங்காலுக்கு மேலே இருந்தது. அம்மா அந்தக் கோட்டைக் கையால் தடவிப் பார்த்தார்கள். ஒட்டியிருந்த சிப்பி ஓடு ஒன்றை நகத்தால் கிள்ளி எடுத்தார்கள்.

"தரைதான் எழுந்திருக்கு" என்று என்னிடம் சொன்னார்கள். அதற்கப்புறம் அந்தப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் வலைக்கண்ணை எப்படி முடிச்சுப் போடுகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் முடிச்சேதானாம்.

பாயா படகு காற்றால் ஓடவில்லை. மிளகுச் சிப்பி சாப்பிட்டோம். அம்மா இரண்டாவது தட்டு கேட்டார்கள்.

உப்புக்காற்று · திங்கள், காலை 6:05

தம்பி, அந்த வெள்ளைக் கோட்டை நான் பார்க்கவே இல்லை. படம் எடுத்திருந்தால் போடு. அடுத்த மாதம் மறுபடி அந்தப் பக்கம் வேலை இருக்கிறது, அந்தத் துறைக்குப் போய்த்தான் முதலில் நிற்பேன்.